ஐந்து ஜன்னலிலும் துண்டு போட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

லேபர் டே விடுமுறையையொட்டி அட்லாண்டா நகர மையத்தில் நடக்கும் டிராகன் கானுக்கு, அதாவது அறிவியல் புனைகதை, காமிக்ஸ் ரசிகர்கள் வேஷம் போட்டுக்கொண்டு கூடும் விழாவுக்கு, வருஷா வருஷம் போகிற நம் ஊர்க்காரர்களுக்கு இந்த மடல். ஆல்ஃபரெட்டா, கம்மிங் பக்கத்தில் இருப்பவர்கள், சார்லட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள், எல்லோருக்கும்தான். முக்கியமாக, இன்றைய தேதிக்குக் கையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டல் அறை வைத்திருக்கிறீர்களே, உங்களுக்கு.

போன மாதம் ஒரு பிறந்தநாள் விருந்தில் ஒருவர் சாம்பார் வடையைப் பிட்டுக்கொண்டே, "மேரியட்ல ஒண்ணு, ஹில்டன்ல ஒண்ணு, சும்மா இருக்கட்டுமேன்னு வெஸ்டின்ல ஒண்ணு போட்டு வச்சிருக்கேன்" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆற்றுப்பாசனத்தில் மூன்று ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் மிராசுதாரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது.

பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டை எறிந்து இடம் பிடித்து வளர்ந்தவர்கள் நாம். தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டில் அதை யாரும் தப்பு என்று சொன்னதில்லை. ஆனால் அங்கேகூட ஆளுக்கு ஒரு துண்டு. மதுரை வண்டியில் ஒன்று, திருச்சி வண்டியில் ஒன்று, எதில் காற்று வருகிறதோ பார்த்துக்கொள்ளலாம் என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது துண்டும் இருக்காது, மரியாதையும் இருக்காது.

முதல் தடவை போகிறவர்களுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1987-இல் தொடங்கிய விழா. 2019-இல் வந்தவர்கள் 85,000 பேர். இதற்கென்று தனி மாநாட்டு மையம் கிடையாது, பெரும்பாலும் ஓட்டல்கள்தான் களம். ஹயாட் ரீஜென்சி, மேரியட் மார்க்கீ, ஹில்டன், வெஸ்டின் பீச்ட்ரீ பிளாசா, பிறகு ஷெரட்டனாக இருந்து பெயர் மாறிய கோர்ட்லாண்ட் கிராண்ட். ஐந்தையும் கூட்டினால் சுமார் 6,000 அறை. அறைக்கு நாலு பேர் என்று திணித்தால்கூட 24,000 பேர்தான். அதே வார இறுதியில் கல்லூரிக் கால்பந்து பார்க்க வேறு ஒரு கூட்டம் வந்து இறங்கும். மிச்சம் இருப்பவர்கள் எங்கே படுப்பார்கள்?

"ரயில் இருக்கே, விமான நிலையம் பக்கத்துல தங்கிக்கலாமே" என்பீர்கள். நானும் என் மகளும் இரண்டு வருஷம் அப்படித்தான் தங்கினோம். மார்ட்டா ரயிலில் பீச்ட்ரீ சென்டர் ஸ்டேஷன் இருபது நிமிஷம்தான், பொய்யில்லை. ஆனால் அவள் போட்டிருந்தது ஃபோம் ஷீட்டை வெட்டிச் சூடுகாட்டி வளைத்துச் செய்த கவசம், முதுகில் ஆறடி இறக்கை. உட்கார முடியாது. நின்றால் யார் கண்ணிலாவது குத்தும். தொப்பியைத் தலைகீழாகப் போட்டிருந்த ஒரு பெரியவர், "ஸ்டேஷன் வர்ற வரைக்கும் நான் ஒரு பக்கத்தைப் பிடிச்சுக்கிறேம்மா" என்று வழிநெடுகப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த ஸ்டேஷன் பூமிக்கடியில் ஆழத்தில் இருக்கிறது. மலை ஏறுவதுபோல நீளும் எஸ்கலேட்டரில் ஏறி வெளியே வந்தால் செப்டம்பர் தொடக்கத்து அட்லாண்டா வெயில், சென்னையை ஞாபகப்படுத்தும் புழுக்கம். ஓட்டல் வாசலை அடைவதற்குள் பசை இளகி ஒரு தோள்கவசம் தொங்கிவிட்டது. மூன்று மாத வேலை. ஒட்டிச் சரிசெய்ய ஓர் அறை இல்லாமல், நடைபாதை ஓரமாக உட்கார்ந்து டேப் சுற்றினோம். அறை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அடித்துக்கொள்வது சொகுசுக்காக இல்லை. கவசத்தோடு பாத்ரூம் போக முடியாது என்பதை எப்படி நாகரிகமாக எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

ஹயாட்டிலிருந்து மேரியட்டுக்கும் மேரியட்டிலிருந்து ஹில்டனுக்கும் தெருவுக்கு மேலேயே கூரை போட்ட நடைபாலம் இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றில் அறை கிடைத்தவர் வெயில் படாமல் எல்லா நாளும் சுற்றலாம். வெஸ்டினுக்கும் கோர்ட்லாண்டுக்கும் தெருவில் இறங்கி நடக்கவேண்டும். அதனால்தான் இந்த மூன்றுக்கும் அந்த அடிதடி. முன்பதிவு திறந்த சில நிமிஷத்தில் அறைகள் தீர்ந்துவிடும். வேறொரு காரணமும் உண்டு. கட்டடத்தின் மேலேயே நம்மாட்களுக்குக் காதல். ஹயாட், மேரியட், வெஸ்டின் மூன்றையும் வடிவமைத்தவர் ஜான் போர்ட்மேன். 1985-இல் திறந்த மேரியட்டின் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் நாற்பத்துச் சொச்சம் மாடியும் திமிங்கிலத்தின் விலா எலும்புபோல வளைந்து மேலே போகும். 2013-இல் இரண்டு பேர் அந்த ஓட்டலின் தரைவிரிப்பு டிசைனிலேயே உடை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள், விரிப்போடு விரிப்பாக மறைந்து நிற்பதற்கு! விரிப்பு செய்த கம்பெனி வக்கீல் கடிதம் அனுப்பும் அளவுக்கு அது பெரிதானது. அப்புறம் ஓட்டலைப் புதுப்பித்தபோது அந்த விரிப்பையே எடுத்துவிட்டார்கள். ஓட்டல் கம்பளத்தைக் குலதெய்வமாகக் கும்பிடும் கூட்டம் வேறெங்கும் உண்டா என்று தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"நான் சும்மா வச்சிருக்கேன், கடைசில விட்டுடுவேன், யாருக்கு நஷ்டம்?" என்று கேட்கிறீர்கள். நீங்கள் ரத்து செய்யும் அறை, காத்திருக்கும் ரசிகர் கைக்குத்தான் போகும் என்று நினைக்கிறீர்கள். அப்படி ஒரு உத்தரவாதமும் இல்லை. விழாவுக்கென்று பேசிவைத்த சலுகை விலைத் தொகுப்பிலேயே அது திரும்ப விழலாம். இல்லாவிட்டால் ஓட்டலின் பொதுக் கணக்கில் சேர்ந்து, அன்றைய விலைக்கு, அதாவது இரண்டு மூன்று மடங்குக்கு விற்பனைக்கு வரலாம். கடைசி வாரத்தில் விட்டால், வெளியூர்க்காரர் விமான டிக்கெட்டே எடுக்காமல் விட்டிருப்பார், அல்லது நகரத்துக்கு வெளியே பணம் திரும்பாத அறையை எடுத்து மாட்டிக்கொண்டிருப்பார். அறை இருக்கும், ஆள் இருக்கமாட்டார். ஜூனில் விட்ட அறையும் ஆகஸ்ட் கடைசியில் விட்ட அறையும் ஒன்றல்ல. விடுவதானால் ஜூனிலேயே விடுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு யோக்யதை உண்டா என்றால், பாதிதான். ஒரு வருஷம் நானும் இரண்டு வைத்திருந்தேன். பெரியப்பா பையன் குடும்பத்தோடு வருகிறேன் என்று சொல்லி, வரவில்லை. ரத்து செய்யும் கெடுவுக்கு முந்தின ராத்திரி பதினொன்றரை மணிக்கு விட்டேன். அது யாருக்குப் போனதோ, தெரியாது.

விடுவதைவிடக் கைமாற்றிவிடுவது நல்லது. அதிலும் பள்ளம் உண்டு. ஒருவர் தன் அறையைத் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு, என் பெயரை இரண்டாவது விருந்தினராகச் சேர்த்தார். உறுதிக் கடிதத்தில் என் பெயர் இருந்ததைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்டேன். ஆனால் முதல் பெயர் அவருடையது, ஓட்டலின் உறுப்பினர் கணக்கும் அவருடையது. விழாவுக்குப் பத்து நாள் முன்பு அவர் செல்போனிலேயே அதை ரத்து செய்திருக்கிறார். ஓட்டலுக்குப் போன் போட்டபோது, "அப்படி ஒரு பதிவே இல்லையே மேடம்" என்றார்கள். அவரைத் திரும்பக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அதே வாரம், ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு அக்கா, மாமியாருக்கு உடம்பு சரியில்லை, இந்த வருஷம் வரமுடியாது என்று தன் அறையைத் தந்தார். அவர் செய்த முறையை அப்படியே எழுதுகிறேன். முதலில் ஓட்டலைத் தனியாகக் கூப்பிட்டு, பெயர் மாற்ற ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டார். எல்லா ஓட்டலும் ஒத்துக்கொள்ளாது. சரி என்றதும் என்னையும் அதே போனில் இணைத்தார். வரவேற்பில் இருந்தவர் கேட்கக் கேட்க, முதல் பெயர் என்னுடையதாக மாறியது. அவருடைய உறுப்பினர் எண்ணை எடுத்தார்கள், என் கார்டைப் போட்டார்கள். என் மின்னஞ்சலுக்குப் புது உறுதிக் கடிதம் வந்து நான் வாசித்துக் காட்டியபிறகுதான் அக்கா போனை வைத்தார். அவர் கட்டியிருந்த முதல் இரவு வாடகையை அதற்கப்புறம் அனுப்பினேன். ஒரு டாலர் கூடக் கேட்கவில்லை. "வந்து படம் மட்டும் அனுப்பு, இறக்கை எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்றார்.

இப்போது கூடுதல் பணம் கேட்பவர்களிடம் ஒரு வார்த்தை. விழாவுக்கென்று ஓட்டல் வைக்கும் சலுகை விலையே லேசு இல்லை. விற்பனை வரி, ஓட்டல் வரி, போதாததற்கு ஜார்ஜியா மாநிலம் ராத்திரிக்கு 5 டாலர் என்று தனியாக எடுக்கிறது. அதற்கு மேல் ராத்திரிக்கு நூறு டாலர் "என் சிரமத்துக்கு" என்று போன வருஷம் ஒருவர் கேட்டார். என்ன சிரமம்? பதிவு திறந்த அன்று விரல் வலித்ததா? இதே விழாவில் ரத்த தான முகாம் நடக்கிறது. வேஷம் போட்ட நம் பிள்ளைகள் வரிசையில் நின்று கையை நீட்டுகிறார்கள். ரத்தத்தைச் சும்மா கொடுக்கிற இடத்தில் படுக்கைக்கு லாபம் வைக்காதீர்கள்.

இன்னொன்று. மற்றதெல்லாம் தீர்ந்துவிட்டது என்று சக்கர நாற்காலிக்காரர்களுக்கான அறையைப் போட்டு வைத்திருப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அகலமான கதவும் குளியலறைக் கைப்பிடியும் உங்களுக்கு எதற்கு? இதற்கு ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஓட்டலைக் கூப்பிடுங்கள்.

என் கையில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். வெஸ்டினில் ஒரே அறை, இரண்டு கட்டில், வியாழன் முதல் திங்கள் வரை, உயரமான மாடி, இரவில் ஊரே தெரியும். பாலம் இருக்கும் மூன்றில் எதிலாவது அறை வைத்திருந்து, கூட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிம்மதியாகத் தூங்கினால் போதும் என்று நினைக்கிறவர் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். விலையில் வித்தியாசம் இருந்தால் அவரவர் அறைக்கு அவரவர் கட்டுவோம். ஓட்டல்காரரையும் வைத்துக்கொண்டு ஒரே போனில் பேசுவோம். மேரியட் லிஃப்ட் கூட்டம் நிரம்பியே வரும், மேலே போக வேண்டுமானாலும் முதலில் கீழே போகும் லிஃப்ட்டில் ஏறிக்கொள்கிறவனுக்குத்தான் இடம் கிடைக்கும் என்று பழையவர்களுக்குத் தெரியும். இந்த வருஷம் இறக்கை ஏழடி. அதனால் கீழ் மாடியாக இருந்தால் உத்தமம், படியேறிப் போய்விடுவோம்.

இப்படிக்கு,
இறக்கை தூக்கும் அம்மா