கோவில்பட்டியில் இருபது நிமிஷம்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உங்கம்மாவும் சுகம். நீ, மாப்பிள்ளை, பேரன் மூணு பேர் சுகத்துக்கும் எழுதவும்.

போன் இருக்க காயிதம் எதுக்குன்னு கேப்பே. போன்ல நான் ரெண்டு வார்த்தை சொல்லுறதுக்குள்ள, "சரிப்பா, ஆப்ல எல்லாம் வருதுப்பா"ன்னு வச்சிருதே. இதைப் பாதியில வைக்க முடியாதுல்லா? எதிர்வீட்டுப் பையன் போட்டோ பிடிச்சு வாட்ஸப்பில் அனுப்புதேன்னு சொல்லியிருக்கான். எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ. வலது கண்ணுல புரை இன்னும் எடுக்கல.

பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு பெங்களூர்ல இருந்து உன் கரண்ட் வண்டியிலேயே வாரோம்னு சொன்னதும் உங்கம்மா பொங்கலுக்கு அரிசி புடைக்க உக்காந்துட்டா. எனக்கு தீபாவளி ராத்திரிதான் ஞாபகம் வந்துச்சு. ஒம்பது மணிக்கு வர வேண்டியவங்க ஒண்ணே காலுக்கு வந்திய. கேட்டா, "மதுரையில டிராபிக்ப்பா"ன்னே. மறுநாள் காலையில பேரன் தார்சாவுல என் மடியில உக்காந்துகிட்டு, "தாத்தா, கரண்ட் மிஷின் செத்துப் போச்சு, இன்னொரு மிஷினுக்கு ஏ.சி. போடாமப் போனோம், அம்மா அழுதா"ன்னுட்டான். நான் உன்கிட்ட கேக்கல. நீயும் சொல்லல. பொங்கலுக்கு ரயில்ல வந்திய. அதுக்கும் யாரும் காரணம் சொல்லல.

இப்ப நான் ஒண்ணு சொல்லுதேன். உங்கம்மாவுக்கே தெரியாது.

நீ மூணாங்கிளாஸ் படிக்கும்போது, சாத்தூர்ல தீப்பெட்டி லோடு ஏத்திக்கிட்டு பெங்களூர் போனேன். வெறும் வண்டியாத் திரும்பக்கூடாதுன்னு ஓசூர்ல இரும்புச் சாமான் ஏத்தினோம். அப்ப அது ஏழாம் நம்பர் ரோடு, வாரணாசியில இருந்து கன்னியாகுமரி வரைக்கும். 2010-ல நம்பரை மாத்தி 44 ஆக்கிட்டாங்க, இப்ப ஸ்ரீநகர்ல ஆரம்பிக்குது. தருமபுரி தாண்டினா தொப்பூர் கணவாய் இறக்கம். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் குடுக்கிற வண்டி அது. முதலாளி டீசலை அளந்துதான் குடுப்பார், மிச்சம் பிடிச்சா அந்தக் காசு டிரைவருக்கு. இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா கொஞ்சம் மிஞ்சும். எல்லாரும் செய்யுதான்னு நானும் செஞ்சேன். பாதி இறக்கத்துல பிரேக் டிரம் காஞ்சு புகை கிளம்பிட்டு. மிதிச்சா கால் உள்ள போகுது, வண்டி பிடிக்கல. கியர் விழ மாட்டேங்கு. மலையை வெட்டிப் போட்டிருந்த மண்மேட்டுல கொண்டுபோய் ஏத்தித்தான் நிறுத்தினேன். கிளீனர் பய குதிச்சதுல முழங்கை ஒடிஞ்சுட்டு. வீட்டுக்கு ரெண்டு நாள் பிந்தி வந்தேன். உங்கம்மா கேட்டதுக்கு, "சேலத்துல லோடு இறக்க ஆள் இல்ல"ன்னேன்.

அதனால மதுரை டிராபிக் எனக்குப் புதுசு இல்ல, பாத்துக்கோ.

உன் வண்டிக்கு அந்த இறக்கம் நல்லதுன்னு மாப்பிள்ளை சொன்னாவ. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா மோட்டாரே டைனமோவா மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கு, பிடிச்சது பேட்டரிக்குப் போகுதுன்னாவ. அதுக்குப் பேரு ரீஜெனாம். அப்படின்னா அதை நல்லாக் கூட்டி வச்சுக்கிட்டு இறங்கு. ஆனா பேட்டரி நிறைஞ்சு இருந்தா அதுக்கு வாங்கிக்கிட இடம் கிடையாது, ரீஜெனும் சரியாப் பிடிக்காது. கிருஷ்ணகிரியில, தருமபுரியில "இருக்கட்டுமே"ன்னு முழுசா நிரப்பிக்கிட்டு கணவாய்க்கு வராதே. வீட்ல நூறு வச்சுக் கிளம்பினா தொப்பூர் வரும்போது பாதிகிட்ட இறங்கியிருக்கும். அது போதும்.

மாப்பிள்ளை போட்டு அனுப்பின எக்செல் ஷீட்டைப் பாத்தேன். வழியில ரெண்டே ரெண்டு இடத்துல நிக்குது. ரெண்டுலயும் பத்து சதவீதத்துல போய்ச் சேருது, நூறு வரைக்கும் ஏத்துது. கூட்டல் கழித்தல்ல பிழை ஒண்ணும் இல்ல. ஆனா ரோட்ல நின்ன ஆளு போட்ட கணக்கு இல்ல அது. அவியகிட்ட இப்படிச் சொன்னேன்னு சொல்லிராதே.

உன் பேட்டரி 45 யூனிட். விளம்பரத்துல என்ன போட்டிருந்தாலும், நாலுவழிச் சாலையில எண்பது தொண்ணூறுல போனா யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர்தான்னு நீயே சொன்னே. அடியில இருக்க இருபது சதவீதத்தைத் தொடாதே. போற இடத்துல மிஷின் செத்துக் கிடந்தா அடுத்த மிஷினுக்குப் போக அதுதான் துணை. மேல இருக்க இருபதையும் வழியில ஏத்தாதே. முக்கூடல் பக்கம் வாழைத்தார் ஏத்தும்போது சின்னப் பிள்ளையில என்கூட வந்திருக்கேல்லா? கீழடுக்கு மளமளன்னு போகும். மேலடுக்குல ஒவ்வொரு தாரா நசுங்காம, இடம் பாத்து வைக்கணும், அதுக்கே பாதி நேரம் போயிரும். பேட்டரியும் எண்பது தாண்டினா அப்படித்தான் பைய வாங்குது. அந்த நேரத்துல நீ அடுத்த ஊருக்கே போய்ச் சேர்ந்திரலாம். ஆக, நடுவுல உன் கைக்கு வாரது அறுபது சதவீதம். 27 யூனிட், 175 கிலோமீட்டர். ஊரை அதை வச்சுத்தான் பிரிக்கணும்.

பிரிச்சா அழகா விழுது. பெங்களூர்ல இருந்து சேலம் சுமார் 200. வீட்ல நூறு ஏத்தியிருப்பே, ரோடும் மொத்தத்துல இறக்கம், முப்பது சதவீதத்துக்குக் குறையாமப் போய் நிப்பே. சேலத்துல இருந்து நாமக்கல், கரூர் தாண்டி திண்டுக்கல் 175-க்கு ஒண்ணு ரெண்டு கூட வரும். இழுபறி. அதனால சேலத்துல மட்டும் எண்பத்தஞ்சு வரைக்கும் விடு. திண்டுக்கல்ல இருந்து மதுரை பைபாஸ் பிடிச்சு கோவில்பட்டி 170. மதுரைக்குள்ள போகவே வேண்டாம். கோவில்பட்டியில இருந்து திருநெல்வேலி தாண்டி நம்ம வீட்டு வாசல் வரைக்கும் 90. அதுக்கு இருபது நிமிஷம் ஏத்தினா தாராளம். பேரனுக்குக் கடலை மிட்டாய் வாங்கிட்டு வாரதுக்குள்ள முடிஞ்சிரும்.

விடியக்காலம் மூணரைக்குக் கிளம்பு. தொப்பூர் வரும்போது வெளிச்சம் வந்திரும், கரூரை வெயில் ஏறுறதுக்கு முன்னால தாண்டிரலாம். பங்குனியில கரூர் வெயில் தெரியும்ல? பரமத்தியில சும்மா நின்னாலே தலை கொதிக்கும். பேட்டரி சூடானா மிஷின் தானே வேகத்தைக் குறைச்சிருதாம். திண்டுக்கல்ல நிக்கும்போது பதினொண்ணு ஆகாது. மிஷின் பிரியாணிக் கடை வாசல்லயே இருந்தாலும் சரி, அன்னைக்கு நமக்கு விரதம். தயிர் சாதம் கட்டிக்கிட்டு வந்திரு.

இன்னொண்ணு. தீபாவளிக்கு ஏ.சி.யை நிறுத்திப் பிள்ளையை வேக வச்சேல்லா, அது வேண்டாத வேலை. எண்பதுல ஓடுற வண்டி மணிக்குப் பன்னிரண்டு யூனிட் தின்னுது. ஏ.சி. தின்னுறது ஒண்ணு, மிஞ்சினா ஒண்ணரை. நூறுல போறவன் எண்பதுக்கு வந்தா அதைவிடக் கூடவே மிஞ்சும். எதிர்காத்து அப்படி இழுக்கும். தார்ப்பாய் ஒரு முனை அவிழ்ந்து படபடன்னு அடிச்சாலே எனக்கு டீசல்ல தெரியும். அதனால மேல கேரியர் மாட்டி மூட்டையைக் கட்டாதே. டயர்ல காத்து பாத்துக்கோ. ஆடியில வந்தா கணக்கு இன்னும் வேற, கயத்தாறு காத்தாடி அத்தனையும் சும்மாவா சுத்துது? பங்குனியில அந்தத் தொந்தரவு இல்ல.

இதெல்லாம் ஒக்காந்த இடத்துல எழுதினேன்னு நினைக்காதே. போன வாரம் விருதுநகர்ல ஒரு கல்யாணம்னு உங்கம்மாகிட்ட சொல்லிட்டு, வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்ட்ல ஏறி கோவில்பட்டியில இறங்கினேன். ஆப்ல பச்சையா காட்டுன்னு நீ சொல்லுத இடங்களைப் போய்ப் பாத்தேன். ஒரு இடத்துல மிஷினுக்கு முன்னால பெட்ரோல் கார்க்காரன் நிறுத்திட்டு உள்ள சாப்பிடுதான். இன்னொண்ணு ஹோட்டலுக்குப் பின்னால, லைட் கிடையாது, ராத்திரியில பொம்பளைப் பிள்ளை தனியா நிக்கிற இடம் இல்ல. மூணாவது இடம் நல்லா இருக்கு. கூரை போட்டிருக்கான், கக்கூஸ் சுத்தம், வாட்ச்மேன் சாத்தான்குளத்துக்காரன், பழகின ஒரு மணி நேரத்துல சொந்தமாயிட்டான். அங்க ஒரு கோயம்புத்தூர்ப் பையன் சார்ஜ் போட்டுக்கிட்டு நின்னான். அவன்தான் சொன்னான், மிஷின்ல 60 கிலோவாட்னு எழுதியிருக்கும், ரெண்டு கன், அதான் வண்டியில சொருகுற பிளக், தொங்கும், ரெண்டுலயும் வண்டி மாட்டினா முப்பது முப்பதாப் பிரிஞ்சிரும்னு. அப்ப இருபது நிமிஷம் நாப்பதாகும். பக்கத்து கன்ல வண்டி நின்னா பதறாதே, எவ்வளவு ஏறியிருக்குன்னு அவங்கிட்டக் கேளு. எண்பது தாண்டியிருந்தா அவனும் கிளம்பப் போறவன்தான்.

அப்படியே திண்டுக்கல்லுக்கும் பஸ் ஏறிட்டேன். அங்க ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், அதுக்குப் பத்து கிலோமீட்டர்ல மாத்து ஒண்ணும் இருக்கு. ரெண்டு ஊர் வாட்ச்மேன் நம்பரும் வாங்கியாச்சு. நீ சேலத்தை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னால நான் திண்டுக்கல்லுக்குப் போன் போட்டு, மிஷின் ஓடுதான்னு கேட்டுச் சொல்லிருதேன். ஆப் பச்சை காட்டும். வாட்ச்மேன்தான் போய்ப் பாத்துச் சொல்லுவான். சேலம் வரைக்கும் எனக்கு உடம்பு இடங்குடுக்கல, அதை மாப்பிள்ளை ஆபீஸ் சிநேகிதன் யாரும் இருந்தா விசாரிக்கச் சொல்லு. எந்தெந்த ஆப்ல எவ்வளவு காசு போட்டு வைக்கணுமோ அதை வீட்லயே போட்டிரு. மிஷின் பக்கத்துல நின்னுகிட்டு சிக்னல் இல்லாம ஓ.டி.பி.க்குக் காத்துக்கிட்டு இருக்கக்கூடாது. உத்திரத்துக்கு முந்தின நாள் சென்னை, கோயம்புத்தூர் சனம் எல்லாம் அவங்கவங்க சாஸ்தாவைத் தேடித் தெக்க இறங்கும், ஒவ்வொரு மிஷினுக்கும் வரிசை நிக்கும். ஒருநாள் லீவு கூடப் போட்டு, ரெண்டு நாள் முன்னால வந்திரு.

இங்க வீட்லயும் வேலை முடிஞ்சுது. போன தடவை உன் சார்ஜர் பெட்டியில சிவப்பு லைட் எரிஞ்சு ஏத்த மாட்டேன்னுச்சே, அதுக்கு எர்த் இல்லாததுதான் காரணம்னு எலெக்ட்ரீசியன் சொன்னான். பாத்தா, பழைய எர்த் வயர் சுவரோட அறுந்து நிக்கு. எத்தனை வருஷமா அப்படி இருந்துச்சோ, நாம கிரைண்டரைத் தொட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கோம். தொழுவுக்குப் பக்கத்துல குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடியிருக்கு. ஈரம் காயக்கூடாதுன்னான். உங்கம்மா அரிசி கழுவின தண்ணியை அதுலதான் ஊத்துதா, மாடு முறைச்சுப் பாக்கு. கார் நிக்கிற இடத்துக்குத் தனி வயர், தனி பிரேக்கர், 16 ஆம்பியர் சாக்கெட். அதுல மணிக்கு மூணு யூனிட்தான் ஏறும், நிறைய பன்னிரண்டு மணி நேரமாவது ஆகும். சாயந்தரம் வோல்டேஜ் கம்மி, ராத்திரி பத்துக்கு மேல போட்டா மறுநாள் காலையில இட்லி சாப்பிட்டு முடிச்சு, பத்து மணிக்கு மேல நிறைஞ்சிருக்கும். கோயில் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், அதுக்கு யோசனையே வேண்டாம்.

திரும்பிப் போறதுக்கு இதே கணக்கைத் திருப்பிப் போட்டா நடுவழியில நிப்பே. சேலம் கடல் மட்டத்துக்கு 300 மீட்டர்கூட இல்ல, பெங்களூர் 900. தொப்பூர்ல குடுத்ததை அது திரும்ப வாங்கிக்கிடும், மூணு யூனிட்டாவது கூடத் தின்னும். உங்கம்மா வேற அரிசி, தேங்காய், கருப்பட்டி, முறுக்குன்னு டிக்கி நிறைய ஏத்துவா, அதை நான் தடுக்க முடியாது. அதனால போகும்போது கிருஷ்ணகிரியிலயும் நின்னு, கொஞ்சம் ஏத்திக்கிட்டே ஒரு டீ குடி.

நான் கேக்குறது ஒண்ணுதான். மிஷின் ஓடலன்னா ஓடலன்னு சொல்லு. அழுகை வந்தா அழுதுகிட்டே சொல்லு. முப்பத்தொரு வருஷம் வண்டி ஓட்டினவன், ரோட்டோரம் நிக்கிறவளுக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். கோவில்பட்டியில கன் மாட்டினதும் போன் போடு. அப்பதான் உங்கம்மா உலை வைப்பா.

இப்படிக்கு,
அப்பா.

பி.கு.: எழுதிக்கிட்டு இருக்கும்போதே உங்கம்மா பின்னால நின்னு வாசிச்சிட்டா. கிளீனர் பயலோட அம்மா அன்னைக்கே வந்து எல்லாம் சொல்லிட்டுப் போனாளாம். "விருதுநகர் கல்யாணத்துல தேங்காய்ப் பைகூடக் குடுக்கலையா"ன்னும் கேட்டா.