துறவுப் பயிற்சிக்குப் பிள்ளையின் சம்மதம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறைக் காலத்தில் சிறுவர்களுக்குத் தற்காலிகப் பௌத்தத் துறவுப் பயிற்சி அளிப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கோபி வட்டாரத்திலும் அத்தகைய முகாம் ஒன்றை நடத்தலாம் என்று இளைஞர்கள் சிலர் பேசி வருவதால், பல்லாண்டுகள் பிள்ளைகளோடு பழகிய ஆசிரியன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும் துறவொழுக்கம் பூணுவது எங்கள் பகுதியினருக்கு அந்நியமானதன்று. பழநிக்குப் பாதயாத்திரை செல்வோரும் சபரிமலைக்கு மாலை அணிவோரும் விரதம் முடிந்ததும் தோட்டத்துக்கோ பட்டறைக்கோ திரும்பிவிடுகிறார்கள். பாதியில் விட்டவர் என்று அவர்களை எவரும் ஏசுவதில்லை. இலங்கையில் துறவு வாழ்நாள் முழுமைக்கும் உரியது என்பதே மரபு. தாய்லாந்திலும் மியான்மரிலுமோ சில நாள் துறவிருந்து இல்லம் திரும்புவது இயல்பான வழக்கம். தாய்லாந்தில் அரசு ஊழியர் இதற்காக 120 நாள் வரை விடுப்பே பெறலாம். 2018-இல் அந்நாட்டின் தாம் லுவாங் குகையில் வெள்ளத்தால் சிக்கி மீட்கப்பட்ட கால்பந்துக் குழுச் சிறுவர்களில் 11 பேர், மீட்புப் பணியில் உயிர்நீத்த முன்னாள் கடற்படை வீரரின் நினைவாக ஒன்பது நாள் சாமணேரர்களாக, அதாவது இளந்துறவிகளாக, இருந்தனர். அக்குழுவில் கிறித்தவனாகிய ஒரு சிறுவன் மட்டும் துறவேற்காமல் விலகியிருந்தான் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

புத்தரின் மகன் இராகுலன் துறவேற்றபோது, பாட்டனார் சுத்தோதனர் மனம் நொந்து வேண்டிக்கொண்டதன் பேரில்தான், பெற்றோர் அனுமதியின்றி எந்தப் பிள்ளைக்கும் துறவளிக்கலாகாது என்ற விதி ஏற்பட்டது என்று பௌத்தத் துறவியரின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய பிடகம் சொல்கிறது. எங்கள் பகுதியில் பெற்றோர் அனுமதி பெறுவது கடினமன்று. பிள்ளையின் அனுமதியைக் கேட்பவர்தாம் அரிது. மதிப்பெண்ணுக்காக நாமக்கல் விடுதிப் பள்ளிகளில், மகனை ஒரு வார்த்தை கேளாமலே சேர்த்துவிட்டு வரும் பெற்றோர், முரட்டுத்தனத்தை அடக்கவும் கைப்பேசியைப் பிடுங்கவும் ஏற்ற இடம் என்று எண்ணி இம்முகாமுக்கும் அனுப்பிவிடுவார்கள் என்பதே என் அச்சம்.

ஆகவே தலைமழித்துச் சீவரம் என்னும் துறவாடை உடுத்தும் நாளைவிட அதற்கு முந்தைய பயிற்சியே முதன்மையானது. நண்பகலுக்குப் பின் உண்ணாமை, ஆடல் பாடல் காட்சிகளைத் தவிர்த்தல், பணத்தைக் கையால் தொடாமை உள்ளிட்ட பத்துச் சீலங்களையும் (ஒழுக்க விதிகளையும்) சிறுவன் வெள்ளாடையில் ஒரு வாரமாவது கடைப்பிடித்துப் பார்த்த பிறகு, பெற்றோர் உடனில்லாத நேரத்தில் அவனிடம் விருப்பம் கேட்கப்பட வேண்டும். புத்தர், தம்மம், சங்கம் ஆகிய மூன்றிடமும் மும்முறை சரணம் புகும் பாலி மொழி வாசகங்களாலேயே சாமணேரத் துறவு நிறைவேறுவதால், அவற்றை அச்சிட்ட தாளைப் பார்த்து ஒப்பிக்க வைப்பது போதாது. நன்கறிந்தவர் சொல்லக் கேட்டு ஒலிகளைப் பழகுவதோடு பொருளையும் தமிழில் விளங்கிக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று சொல்பவன் எவ்வித ஏளனமுமின்றி வீடு திரும்பவோ, மற்றவர்களுக்கு உதவியாக வெள்ளாடையிலேயே தங்கவோ வழி இருக்க வேண்டும். புகைப்படத்துக்காக எண்ணிக்கையைக் கூட்டும் ஆசை, முகாம் நடத்துவோருக்கு வரக்கூடாத ஆசை.

மகன் துறவேற்றால் சாதிச் சான்றிதழ் போய்விடுமோ என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். பௌத்தம் தழுவிய பட்டியல் சாதியினருக்கு அத்தகுதி உண்டு என்பது 1990-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திலேயே உறுதியாகிவிட்டது. இதனை முகாம் நடத்துவோர் முன்கூட்டியே எடுத்துச் சொல்லலாம்.

பிள்ளைகளோடு இரவில் தங்கும் பெரியவர்கள் யார், மருத்துவ உதவிக்கு என்ன ஏற்பாடு, பெற்றோர் எந்நாளும் வந்து பார்க்கலாமா என்பவற்றை எழுத்தில் தர வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 சிறுவர்களின் கண்ணில் படும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த எண்ணை அழைக்க அவர்களுக்குத் தடையற்ற தொலைபேசி ஒன்றும் முகாமில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
கோபிசெட்டிபாளையம்.