தம்பி, வல்லை வெளியில் இறங்கி நில்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். நல்லூர்த் தேர் முடிந்த மறுநாள் வான் வண்டி பிடித்து, காலையில் நிலாவரைக் கிணறு, பத்து மணிக்குச் செல்வச்சந்நிதி முருகன் கோயில், மத்தியானம் பருத்தித்துறை, பின்னேரம் கசூரினா கடற்கரை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு மனம் கேட்கவில்லை. கசூரினாவை இன்னொரு நாள் பார்க்கலாம். அந்த ஒரு நாளை முழுசாக, யாழ்ப்பாணத்திலிருந்து போகும் பருத்தித்துறை வீதிக்கே கொடு.

கோப்பாய் தாண்டினால் செம்மண். நீர்வேலி வாழைத் தோட்டங்களில் காலையில் தண்ணீர் பாய்ச்சுவார்கள், அந்த ஈர மண் வாசம் வீதி வரைக்கும் வரும். நிலாவரைக் கிணற்றைப் பிள்ளைகளுக்கு ஆறுதலாகக் காட்டு. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துக்குக் கீழே மழைத் தண்ணீர் கடல் தண்ணீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். கிணற்றுத் தண்ணீரை வீணாக்காதே என்று அம்மா ஏன் சொல்லிக்கொண்டே இருந்தா என்று அங்கே வைத்துச் சொல்.

அப்புறம் வல்லை வெளி. பாலத்துக்குக் கிட்ட வண்டியை நிறுத்தி எல்லாரும் இறங்குங்கள். ஒரு மரம் மறிக்காத வெளி, இரண்டு பக்கமும் தண்ணீர். ஞாபகம் இருக்கிறதா, சைக்கிள் பாரில் நீ, பின்னால் கரியரில் நான். மாமி வீட்டிலிருந்து திரும்பும்போது சோளகக் காற்று எதிரே அடிக்கும். அப்பா எழும்பி நின்று மிதிப்பார், சேட்டு முதுகில் பலூன் மாதிரி ஊதி என் முகத்தில் அடிக்கும். கடைசியில் இறங்கி உருட்டுவார். நீ மட்டும் பாரிலேயே நித்திரை. அந்தக் காற்று இன்றைக்கும் அப்படியேதான் அடிக்கிறது. வான் கண்ணாடியை மூடிக்கொண்டு அதைக் கடந்து போகாதே.

சந்நிதியில் மத்தியான அன்னதானத்துக்கு இருங்கள். பூசகர் வாயைத் துணியால் கட்டி, மந்திரம் இல்லாமல் பூசை செய்வதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். வல்வெட்டித்துறையில் கடற்கரையோரம் நின்று அன்னபூரணியின் கதையைச் சொல். இந்த ஊரில் கட்டிய பாய்க்கப்பலை நம்மவர்களே ஓட்டிப்போய் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் பிறந்த உன் பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டும்.

பருத்தித்துறையில் வடை வாங்காமல் வரக்கூடாது. தட்டையாக, உழுந்தும் பெருஞ்சீரகமும் செத்தல் மிளகாயும் பல்லில் கடிபடும். சுடச்சுட ஒன்று, வழியில் தின்ன ஒரு கடதாசிச் சரை. பிறகு வல்லிபுரம். கோயிலைச் சுற்றியுள்ள மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெயில் தணியும் வரை சும்மா இருப்போம்.

வானுக்கு முற்பணம் கொடுத்துவிடாதே. நீங்கள் நாலு பேர், நான் ஒருத்தி, இரண்டு ஓட்டோ போதும். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். விடிய ஆறு மணிக்கு வெளிக்கிடுவோம், சரியா?

அன்புடன்,
அக்கா