எச்சரிக்கையும் எண்களோடு சேர்ந்தே வரட்டும்

ஏரி வண்டலிலிருந்து பழங்காலத் தட்பவெப்பத்தைக் கணிக்கும் ஆய்வாளர்களுக்கும், அந்தத் தரவுகளைக் காத்துவரும் களஞ்சியப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். உங்கள் தரவுக் கோப்புகளை வைத்துப் புள்ளியியல் கற்பிப்பவன் நான். ஏரியில் துளை போட்ட அனுபவம் எனக்கு இல்லை. கோப்பைத் திறந்து படிப்பவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன்: எண்களை வெளியிடும்போது, அவற்றில் எந்தப் பகுதியை நம்பக் கூடாது என்பதையும் அதே கோப்பில் எழுதிவிடுங்கள்.

பின்லாந்தின் கோர்த்தயார்வி ஏரியின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். வசந்தத்தில் பனி உருகிவரும் வெள்ளம் கனிமத் துகள்களை அடித்துவந்து வெளிர் நிற அடுக்காகப் படியவைக்கிறது. அதன்மேல் ஆண்டின் மீதிக் காலத்தில் மட்கிய உயிர்ப்பொருள் கருமையாக இறங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. பனி மிகுந்த குளிர்காலம் என்றால் வெள்ளம் பெரிது, கனிமமும் அதிகம், எக்ஸ்ரேயில் அடர்த்தி கூடித் தெரியும். கி.பி. 980 முதல் 1250 வரையிலான பகுதியில் கனிமம் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டு, அக்காலக் குளிர்காலங்களில் பனி சொற்பமே என்றது 2003-இல் வெளியான ஆய்வு. இன்னொன்றையும் அது ஒளிக்காமல் சொன்னது: 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மனிதர் கைபட்ட வண்டல் அது, தட்பவெப்ப ஆய்வுக்கு உதவாது.

ஆனால் அண்மை நூற்றாண்டுகளுக்கு மட்டுமே உள்ள வெப்பமானி அளவீடுகளோடு பொருத்திப் பார்க்கும் கணக்குகளுக்கு முதலில் அகப்படுவதே அந்த உதவாத பகுதிதான். நிலத்தைக் கிளறியதால் கனிமம் கூடியிருக்கிறது. அண்மைக் காலத்தில் வெப்பமும் கூடியிருக்கிறது. கணினி இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும். 2009-இல் வெளியான ஆர்க்டிக் தொகுப்பு ஆய்வொன்றில் இந்த ஏரியின் தரவுத் தொடர், கனிமம் மிகுந்தால் குளிர் என்பதற்குப் பதில் வெப்பம் என்று தலைகீழாகவே சேர்க்கப்பட்டிருந்தது. பின்னர் திசையைச் சரிசெய்து, 1800-க்குப் பிந்தைய பகுதியை வெட்டித் திருத்தம் வெளியிட்டார்கள். மொத்த முடிவு பெரிதாக மாறவில்லை. ஆனால் புவி வெப்பமடைவதே பொய் என்று சாதிப்பவர்களின் வெறும் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. கட்டுரையில் இருந்த ஒரு வாக்கியம் எண்களோடு கூடவே போயிருந்தால் இத்தனை வம்பு இல்லை.

இது முடியாத காரியமல்ல. ஜப்பானின் சுய்கெட்சு ஏரியில் 1993-இல் எடுத்த வண்டல் உருளையில், ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்களில் சேறு விடுபட்டுப்போனது. ஆண்டுக் கணக்கும் இடறியது. அதை மூடி மறைக்காமல், 2006-இல் அருகருகே நான்கு துளைகள் போட்டார்கள். ஒன்றின் இடைவெளியை மற்றொன்று மூடும்படி அமைத்தார்கள். அடுக்குகள் மங்கிய இடங்களில் அக்கம்பக்கத்து அடுக்குகளைக் கொண்டு இடைக்கணிப்பு செய்ததையும், அதை எப்படிச் செய்தோம் என்பதையும் எழுதிவைத்தார்கள். அதனால்தான் அடுக்குகளில் சிக்கிய இலைகளின் ரேடியோ கார்பன் (காலப்போக்கில் சிதைந்து குறையும் கதிரியக்கக் கார்பன்) அளவீடு, 2012-இல், சுமார் 52,800 ஆண்டுகள் வரை காலக்கணிப்புக்கு அளவுகோலாக நிற்க முடிந்தது.

அடுக்குகளை எண்ணும் விஷயத்தில் எனக்கு இன்னும் மனக்குறை உண்டு. ஒரே வெள்ளம் ஒரே நாளில் தடித்த அடுக்கைப் போட்டுவிடும். கரைச் சரிவு பல ஆண்டுகளை அரித்துக்கொண்டு போய்விடும். இருவர் எண்ணினால் இரு விடை வருவது இயல்பு. அப்படியிருக்க, சராசரியை மட்டும் ஏன் தருகிறீர்கள்? இருவர் கணக்கையும் தனித்தனியே தாருங்கள். அணுகுண்டுச் சோதனைகளால் பரவிய சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளின் 1963-ஐ ஒட்டிய உச்சம், தேதி தெரிந்த எரிமலைச் சாம்பல் ஆகியவற்றோடு அவை எங்கே பொருந்துகின்றன, எங்கே பிசகுகின்றன என்பதையும் சேருங்கள். அடுக்குகளின் புகைப்படமும் இருந்தால், சந்தேகம் வருகிறவர் தாமே எண்ணிப் பார்த்துக்கொள்வார்.

களஞ்சியப் பொறுப்பாளர்களே, ‘பயன்படுத்தக் கூடாத காலப்பகுதி’ என்று ஒரு கட்டத்தை உருவாக்குங்கள். அதை நிரப்பாத கோப்பை ஏற்காதீர்கள். எந்தத் திசை வெப்பம், எந்தத் திசை குளிர் என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். ஏற்கெனவே குவிந்துகிடக்கும் பழைய கோப்புகளுக்கு, அந்த ஏரிகளில் வேலை செய்தவர்கள் ஓய்வுபெற்றுப் போவதற்குள் அவர்களையே கேட்டு இவற்றை நிரப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கோப்புகளை நம்பிப் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர்