பாஸ் கொடுக்கிறீர்கள், வழியையும் சொல்லுங்கள்

நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைச் சரிவின் ஓரத்தில் வீட்டின் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறவள் நான். பதிவு செய்து, முறைப்படி நடத்துகிறேன். இந்த மலையில் ஹோம்ஸ்டே என்றாலே ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் இருபத்தெட்டு வருடம் இங்கே டூரிஸ்ட் டாக்சி ஓட்டியவர். இந்த மடலில் வண்டியைப் பற்றி வருவதெல்லாம் அவர் சொல்லி நான் எழுதுவது.

வெளியூர் வண்டிகள் மலை ஏற வாங்க வேண்டிய இ-பாஸை நீக்கிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2025 ஏப்ரல் 2ஆம் தேதி இ-பாஸை எதிர்த்து மாவட்டம் முழுக்கக் கடையடைப்பு நடந்தபோது நானும் என் கேட்டைப் பூட்டினேன், உண்மைதான். பக்கத்தில் எல்லோரும் பூட்டும்போது நான் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு இந்த ஊரில் எப்படி இருப்பது? ஆனால் அன்று மத்தியானம் வாசலில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது ரோட்டில் ஒரு ஹாரன் சத்தம்கூட இல்லை. சின்ன வயதில் கேட்ட கோத்தகிரி அது. யாரிடமும் சொல்லவில்லை, இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

இந்த ஏற்பாடு வருவதற்கு முன் சீசன் நாட்களில் தினமும் சுமார் 20,000 வண்டிகள் மலை ஏறுவதாக நீதிமன்றத்தில் கணக்குச் சொன்னார்கள். அதில் பதினோராயிரத்துக்கு மேல் கார்கள். அதன் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. முதலில் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. அடுத்த கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்தார்கள். நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிகளுக்கும், அரசுப் பேருந்துக்கும், ரயிலுக்கும் விலக்கு. இந்த மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று பார்க்கும் வேலை சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

நான் சொல்ல வந்தது பாஸ் வாங்க ஆன்லைனில் நிரப்பும் படிவத்தைப் பற்றி. பெயர், போன் நம்பர், வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்கப்போகிறீர்கள் என்று அதில் கேட்கிறீர்கள். முன்பெல்லாம் மேட்டுப்பாளையம் தாண்டி ஒரு வண்டி ஏறிய பிறகுதான் யாரோ வருகிறார்கள் என்று நமக்குத் தெரியும். இன்று சென்னையில் ஒருவர் தன் வீட்டு சோபாவில் சாய்ந்திருக்கும்போதே அவர் நம்பர் உங்கள் கையில் இருக்கிறது. மலை ஏறுவதற்கு முன்பே அவரோடு பேசலாம். என் விருந்தாளிகள் காட்டிய பாஸில் நான் பார்த்தது ஒரு கியூஆர் படமும் வண்டி எண்ணும் தேதியும்தான். அந்தப் படத்துக்குக் கீழே எவ்வளவு காலி இடம் இருக்கிறது தெரியுமா?

அந்த இடத்தில் என்ன எழுதலாம் என்று அண்ணனைக் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "இரண்டாவது கியர்" என்றார்.

போன மே மாதம் நடந்தது இது. சென்னையிலிருந்து நாலு பையன்கள், ஐடி வேலை, செயலியில் வாடகைக்கு எடுத்த செல்ஃப் டிரைவ் கார். ஊட்டி பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியபோது சக்கரத்திலிருந்து கருகல் நாற்றம் வாசல் வரை வந்தது. அண்ணன் போய்ப் பார்த்தார். இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே காலை வைத்து வந்திருக்கிறார்கள். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும், எஞ்சின்தான் வண்டியைப் பிடிக்க வேண்டும், பிரேக்கை விட்டு விட்டுத்தான் மிதிக்க வேண்டும் என்று இந்த மலையில் கிளீனர் வேலைக்கு வருகிற பையனுக்குக்கூட முதல் நாளே சொல்லித் தருவார்கள். அந்தத் தம்பி ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "அங்கிள், இது ஆட்டோமேட்டிக். இதில் கியரே கிடையாது." அண்ணன் கதவைத் திறந்து, கியர் குச்சிக்குப் பக்கத்தில், இறக்கத்துக்கான குறைந்த கியரைக் குறிக்கும் 'எல்' எழுத்தைக் காட்டினார். வண்டியை வாடகைக்குக் கொடுத்தவர்கள் சாவியைக் கூட நேரில் தரவில்லையாம், கார் போனிலேயே திறந்துகொண்டதாம். இதைச் சொல்ல ஒரு ஆள் நடுவில் இல்லாமல் போய்விட்டார். பழைய காலத்தில் டிராவல்ஸ் கடைக்காரர் இருந்தார், டிரைவர் இருந்தார். இப்போது பாஸ் மட்டும்தான் நடுவில் இருக்கிறது.

அப்புறம் கல்லட்டி மலைப்பாதை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு அந்த வழியில் சுமார் 30 கிலோமீட்டர், கூடலூர் சுற்றிப் போனால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். வரைபடச் செயலிக்குத் தெரிந்ததெல்லாம் கிலோமீட்டர்தான். 36 கொண்டை ஊசி வளைவும், நெட்டுக்குத்தான இறக்கமும் அதற்கு ஒரு கோடு. 2018இல் அங்கே ஒரு கார் பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். உள்ளே ஐந்து பேர் இறந்துகிடந்தார்கள். அதற்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கக் கூடாது என்று தடை போட்டீர்கள், சோதனைச்சாவடியில் திருப்பியும் அனுப்புகிறார்கள். சரி. ஆனால் அவ்வளவு தூரம் போய்த் திரும்புகிறவர் கோபத்தோடு திரும்புகிறார், நேரம் போச்சே என்று கூடலூர் ரோட்டில் வேகம் எடுக்கிறார். முந்தின நாளே போனில் ஒரு வரி வந்திருந்தால் அந்தக் கோபமும் இல்லை, வேகமும் இல்லை. கூடலூரில் 2024 ஜனவரியில் செயலியை நம்பி வந்த ஒரு கார் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டதை ஊரே படம் பிடித்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. புது ஊரில் போன் சொல்கிறபடி போகாமல் வேறு யார் சொல்கிறபடி போவார்கள்?

ஒருவழிப் பாதையும் அப்படித்தான். சீசனில் பர்லியார், குன்னூர் வழியாக ஏற்றி கோத்தகிரி வழியாக இறக்குகிறீர்கள். நல்ல ஏற்பாடு. இதைப் பலர் மேட்டுப்பாளையத்தில் போலீஸ் கை காட்டும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள். எனக்கு அறை போட்டவர்கள் அங்கிருந்து போன் செய்து, "மேடம், கோத்தகிரிக்கு நேராக விடமாட்டேன் என்கிறார்கள்" என்று அழாத குறையாகச் சொல்வார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை என்பதும் சாவடியில் பையைத் திறந்து பார்க்கும்போதுதான் தெரிகிறது. கர்நாடகாவிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வருகிறவர்கள்தான் எத்தனை பேர்! கன்னடத்திலும் மலையாளத்திலும் இந்த நாலு வரி போனால் சாவடியில் நிற்கும் உங்கள் ஆட்களுக்குத் தொண்டை மிச்சம்.

அடுத்தது, பாஸ் தீர்ந்துபோன நாள். வரம்பு இருந்த கோடையில் என்னிடம் அறை எடுத்த மூன்று குடும்பங்கள் அப்படி ரத்து செய்தன. பேருந்துக்கும் ரயிலுக்கும் பாஸ் தேவையில்லை என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அன்றைய ஒதுக்கீடு முடிந்தது என்று காட்டும் அதே திரையில், 'காரை மேட்டுப்பாளையத்தில் விடுங்கள், பஸ் இந்த நேரம், உள்ளூர் டாக்சி இங்கே கிடைக்கும்' என்று காட்ட முடியாதா? மலை ரயிலை நான் இதில் சேர்க்கவில்லை. 46 கிலோமீட்டர் பாதை, 1908இல் ஊட்டிக்கு வந்து சேர்ந்தது, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, எல்லாம் பெருமைதான். ஆனால் சீசன் டிக்கெட் ஆன்லைனில் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடுகிறது. அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் வரிசையில் நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. குளிரில் நின்றோம், ஆனால் அன்றைக்கே ஏறினோம். பஸ்தான் இன்றைக்கு நம்மிடம் இருக்கும் உண்மையான வழி. ஊட்டிக்குள் சீசனில் சுற்றுப் பேருந்து விடுகிறீர்களே, அதற்கான டிக்கெட்டையும் பாஸ் எடுக்கும் இடத்திலேயே விற்கலாம்.

என் சொந்தப் பிழைப்பைப் பற்றியும் கொஞ்சம். முன்பதிவு செயலிகள் இல்லாவிட்டால் என் இரண்டு அறைகளை யாருக்குத் தெரியும்? அதற்கு நன்றி. ஆனால் அதில் ஒன்று, விலையைக் குறைத்தால்தான் பட்டியலில் மேலே காட்டுவேன் என்கிறது, குறைத்த விலையிலும் கமிஷன் எடுக்கிறது. ஒருவர் எனக்கு இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தார். காரணம், காலையில் மூடுபனி இருந்ததால் வியூ தெரியவில்லையாம். மூடுபனியைப் பற்றி நான் யாரிடம் போய்ச் சொல்வது? இங்கேயும் உங்களால் ஒன்று செய்ய முடியும். படிவத்தில் 'எங்கே தங்குகிறீர்கள்' என்ற இடத்தில், பதிவு பெற்ற விடுதிகள், வீடுகளின் பட்டியலை அப்படியே விரிய விடுங்கள். சின்ன வீடுகளுக்குக் கமிஷன் இல்லாமல் ஆள் வரும். பதிவில்லாமல் யானை வழித்தடத்திலும் ஓடைக்கரையிலும் கட்டி வைத்திருப்பவர்கள் பட்டியலில் இருக்க மாட்டார்கள். அவர்களைத் தேடி நீங்கள் மலை மலையாக அலைய வேண்டியதும் குறையும்.

இன்னும் இரண்டு கேள்விகள். வாங்கிய போன் நம்பர்களை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், வேறு யாருக்காவது தருவீர்களா? இதைப் பாஸ் பக்கத்திலேயே இரண்டு வரியில் சொல்லிவிட்டால் நல்லது, விருந்தாளிகள் என்னைத்தான் கேட்கிறார்கள். இன்னொன்று, போன் சரியாக இல்லாதவர்கள். ஈரோட்டிலிருந்து ஒரு வயதான தம்பதி வந்தார்கள், பட்டன் போன்தான். வழியில் ஒரு கடையில் பாஸ் எடுத்துத் தர 200 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். பாஸ் இலவசம் என்று நான் சொன்னபோது அந்த அம்மா கணவரைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. 'இலவசம்' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்தில் எழுதிப் போட எந்தத் தொழில்நுட்பமும் வேண்டாம், ஒரு டப்பா பெயின்ட் போதும்.

பாஸோடு போக வேண்டிய செய்தியை அண்ணன் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு எழுத்தும் மாற்றாமல் கீழே தருகிறேன். அப்படியே அனுப்பினாலும் சரி, திருத்தி அனுப்பினாலும் சரி:

'வாங்க. இறங்கும்போது இரண்டாவது கியர், ஆட்டோமேட்டிக் என்றால் எல். மேலே ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்க. கல்லட்டி வழியாக இறங்காதீங்க, போன் சொன்னாலும் இறங்காதீங்க. ரோட்டில் காட்டுமாடு நின்றால் ஹாரன் அடிக்காம, கீழே இறங்காம, அதுவாகப் போகிற வரைக்கும் காத்திருங்க. பிரேக் நாற்றம் வந்தால் வண்டியை ஓரம் கட்டி அரை மணி நேரம் நிறுத்தி, ஒரு டீ குடிங்க.'

இப்படிக்கு,
இரண்டு அறைக்காரி,
கோத்தகிரி.