சிவனொளிபாத மலைப் பயணம்: பெயர் தாருங்கள்

வணக்கம் நண்பர்களே. பெப்ரவரி 13, வெள்ளி இரவு 10 மணிக்கு ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து நம் குழுவுக்கு மட்டும் தனி வேன். போயா (பௌர்ணமி) நாளென்றால் கூட்டத்தில் படியில் நின்றே விடிந்துவிடும், அதனால்தான் இந்தத் திகதி.

1. மஸ்கெலியா வழியாக மலையடிவாரமான நல்லதண்ணி போவோம். நள்ளிரவில் ஏறத் தொடங்கினால் சூரிய உதயத்துக்கு உச்சியில் நிற்கலாம். உயரம் 2,243 மீற்றர், படிகள் 5,000க்கு மேல்.
2. மேலே கடுங்குளிர். சுவெட்டர், தொப்பி, டோர்ச் கட்டாயம். "எனக்கெல்லாம் குளிராது" என்பவர்களுக்கு என் சால்வை கிடைக்காது!
3. இதய நோய், முழங்கால் வலி உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டு வாருங்கள். ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும்.
4. பொலித்தீன் வேண்டாம்.

வேன் காசைப் பங்கு போடுவோம். சனி பகல் ஹட்டன் திரும்பிவிடலாம். எத்தனை பேர் என்று 5ஆம் திகதிக்குள் இங்கேயே சொல்லுங்கள், அப்புறம் இடமில்லை.