குமாருக்கு, அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்து டூசான்ல இருந்து

டேய் குமாரு,

எப்படி இருக்கற? அம்மா கால் இப்ப தேவலையா, ஊனுகோல் இல்லாம வாசல் வரைக்கும் நடக்கறாங்கன்னு தங்கச்சி போன்ல சொல்லுச்சு, கேட்டதும் மனசு ஆறுச்சு. வெயில் தாழ்ந்த பொறவு நடக்கச் சொல்லு. இங்க எல்லாரும் நல்லா இருக்கறோம். மக வேற ஊருக்கு வேலைக்கு போய்ட்டா, ஊட்ல நாங்க ரெண்டு பேருதான், வேலையில இருந்து நானும் போன வருஷம் ஓய்வு வாங்கிட்டேன், அதனால வாரத்துல மூணு நாளு மலையிலதான் கெடக்கறேன்.

நீ அனுப்புன போட்டோவ பாத்தேன். ரெண்டு மழைக்கே மாடு மேயற கொறங்காடு பூரா கொளுக்கட்டைப்புல்லு மொழங்கால் ஒசரம் நிக்குது, நடுவால அந்த மயிலை மாடும் கன்னும், அக்கட்டால கிளுவை வேலி. ரெண்டு வாரமா உனக்கு பதில் போடல. கோவிச்சுக்காத. நேரமில்லைங்கறதும் உண்மைதான், ஆனா இன்னொரு காரணம் இருக்குது, அத சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன். நீ வெதை தூவி, ஆடு மாடு உடாம காத்து, வளத்தி வெச்சிருக்கற அதே புல்லைத்தான்டா நான் இங்க கடப்பாரை போட்டு வேரோட பேத்து எடுத்துட்டு இருக்கறேன்.

முன்னமே உங்கிட்ட சொல்லிருக்கறேன், ஊட்ல இருந்து அரைமணி நேரத்துல சவாரோ நேஷனல் பார்க்குனு ஒண்ணு இருக்குது. ஊருக்கு கெழக்கால ஒரு பாதி, மேக்கால ஒரு பாதி, மொத்தம் 90,000 ஏக்கருக்கு மேல. 1933ல கெழக்கு பாதிய காப்பாத்தி வெச்சாங்க, 1961ல மேக்கு மலையையும் சேத்தாங்க, நேஷனல் பார்க்குன்னு பேரு வந்தது 1994ல. நான் போறது மேக்கு பாதிக்கு. சவாரோங்கறது அந்த கை தூக்கி நிக்கற பெரிய கள்ளி, படத்துல பாத்திருப்ப. அதோட வளத்தி எவ்வளவு மெதுவுன்னு கேளு, மொத எட்டு வருஷத்துல ஒண்ணு ஒண்ணரை இஞ்சுதான் வரும், பக்கத்துல கை மொளைக்கறதுக்கே அம்பது எழுபது வருஷம் ஆயிரும், நல்லா இருந்தா நூத்தம்பது வருஷத்துக்கு மேல நிக்கும். சின்ன வயசுல வெயிலும் பனியும் தாங்காது, அதனால பாலோ வெர்டே, மெஸ்கீட் மாதிரி ஒரு மரத்தடி நெழல்லதான் மொளைக்கும். பேத்திய மடியில வெச்சிருக்கற ஆத்தா மாதிரி அந்த மரம் அத வளத்தி உடும்.

இந்த காட்டுக்கு தீன்னா என்னன்னே தெரியாதுடா. செடிக்கு செடி எடவெளி இருக்கும், நடுவால வெறும் மண்ணும் கல்லும், இடி விழுந்து ஒரு மரம் எரிஞ்சாலும் பக்கத்து மரத்துக்கு தாவறதுக்கு வழி கெடையாது, அங்கயே அணைஞ்சு போயிரும். அந்த எடவெளிதான் அதுக்கு காவல். 1930கள்ல மாட்டுத்தீவனத்துக்கும் மண் அரிப்ப தடுக்கறதுக்கும்னு ஆப்பிரிக்கா பக்கத்து புல்லு வெதைய இங்க கொண்டாந்து போட்டாங்க. இங்க அதுக்கு பஃபல் கிராஸ்னு பேரு. அது மெல்ல மலை ஏறி அந்த எடவெளிய எல்லாம் அடைச்சுருச்சு. மழை நின்னா காஞ்சு வக்கப்போர் மாதிரி நிக்குது, ஒரு பொறி போதும், செடிக்கு செடி பாலம் போட்ட மாதிரி தீ ஓடிரும். எரிஞ்ச பொறவு புல்லு அடுத்த மழைக்கே வேர்ல இருந்து துளுத்துக்கும், சவாரோ போனா போனதுதான். அரிசோனா சர்க்காரு 2005லயே இத ஆகாத களைன்னு சட்டத்துல சேத்தாச்சு.

நான் மொத மொதல்ல தொண்டுக்கு பேரு குடுத்து பயிற்சிக்கு போனப்ப, அந்தக் குழுத்தலைவரம்மா எல்லார் கையிலயும் ஒரு கதிர குடுத்தாங்க. நரிவால் மாதிரி, செம்பழுப்பா. வேற புல்லும் பாக்க இது மாதிரியே இருக்கும், வித்தியாசம் தெரியோணும்னா வெதைய உருவி பாருங்க, நடுத்தண்டு சொரசொரன்னு இருந்தா இதுதான்னு சொன்னாங்க. நான் உருவிப் பாக்கவே இல்லை குமாரு. கையில வாங்குனதுமே தெரிஞ்சு போச்சு. ஸ்கூலு உட்டு வர்றப்ப உங்க கொறங்காட்டு கடவுல ஏறி உக்காந்துட்டு இதைத்தான உருவி உருவி ஒருத்தர் மேல ஒருத்தர் வீசுவோம், எங்கப்பாரு, ஏண்டா மாடு திங்கறத வீணாக்கறீங்கன்னு தொரத்துவாரு. நாப்பது வருஷம் கழிச்சு பதினஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் அதே புல்லு கையில இருக்குது, இத கண்ட எடத்துல பேத்து எறியுங்கன்னு ஒருத்தர் சொல்லிக்குடுக்கறாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வர்ல. அதே சாதிதானான்னு பொறவு படிச்சும் பாத்தேன், செங்க்ரஸ் சிலியாரிஸ்னு செடி நூல் பேரு, நம்ம பக்கத்து கொளுக்கட்டைப்புல்லுக்கும் அதே பேருதான்.

இப்ப வேலைய சொல்றேன். சனிக்கெழமை விடிய அஞ்சு மணிக்கு கெளம்பிருவோம். ஆளுக்கொரு கடப்பாரை, கையுறை, நாலு லிட்டரு தண்ணி. ஒரு தூர புடிச்சு, கல்லு சந்துல கடப்பாரைய உட்டு நெம்பி, வேரும் தண்டும் சேர்ற அந்த முண்டு மொத்தமா வெளிய வர்ற வரைக்கும் உடக்கூடாது, கொஞ்சம் உட்டாலும் மறுபடி கெளம்பிரும். கதிரு முத்தி இருந்தா பைக்குள்ள போட்டு கட்டி தூக்கிட்டு வரோணும். நல்ல கல்லு சரிவுல ஒரு ஆளு ஒரு காலை பூரா எடுத்தாலும், திரும்பி பாத்தா சின்ன எடம்தான் தீர்ந்திருக்கும். வெதை மண்ணுல சில வருஷம் உயிரோட கெடக்கும், அதனால ஒரே எடத்துக்கு திரும்ப திரும்ப போவோம். கை எட்டாத செங்குத்துல ஹெலிகாப்டர்ல மருந்து அடிக்கறாங்க. மருந்து புல்லு பச்சையா இருக்கறப்ப மட்டும்தான் வேலை செய்யும், இங்க பச்சைங்கறது ஆடி ஆவணி மழையில சில வாரம்தான், அந்த சில வாரத்துக்குத்தான் வருஷம் பூரா காத்திருக்கறோம், நான் உனக்கு எழுதாம போனதும் அந்த வாரங்கள்லதான்.

எல்லாரும் புல்லு பேச்சு பேசறப்ப நான் தடத்தப் பத்தியும் பேசுவேன், ஏன்னா ரெண்டும் ஒண்ணுதான். வெதை ரோட்டோரமாவும் நடைபாதை ஓரமாவும்தான் மொதல்ல வருது, காத்துல வரும், காலணியில ஒட்டிட்டு வரும். ஆளுங்க வளைவு வளைவா போற பாதைய உட்டுட்டு குறுக்கால எறங்கறாங்க பாரு, அப்ப மேல்மண்ணு ஒடைஞ்சு போகுது. பாலைவனத்து மண்ணு மேல பொறுக்கு மாதிரி உயிருள்ள ஒரு தோல் இருக்குது, ஒரு மிதிக்கு நொறுங்கிரும், திரும்ப உண்டாக பல வருஷம் ஆகும். அந்த ஒடைஞ்ச எடத்துலதான் வேண்டாத செடி மொதல்ல வேர் புடிக்குது.

அதனால குறுக்குப்பாதைய மூடறது எங்களுக்கு பெரிய வேலை. போர்டு வெச்சா மட்டும் ஆகாது. செத்துப்போன செடி, காஞ்ச கெளை எல்லாம் கொண்டாந்து குழி போட்டு செங்குத்தா நட்டு வெப்போம், கல்ல அங்கங்க பாதி பொதைச்சு வெப்போம், தூரத்துல இருந்து பாத்தா அங்க பாதை இருந்ததே தெரியாத அளவுக்கு. கண்ணுக்கு தெரிஞ்சாத்தான கால் போகும். மழைத்தண்ணி பாதையிலயே ஓடி பள்ளம் பறிக்காம இருக்க, குறுக்கால கல்லு வரிசைய சாய்வா பதிச்சு தண்ணிய பக்கத்துக்கு திருப்பி உடுவோம். இதுல நான் கெட்டிக்காரன்னு பேரு வாங்கிட்டேன்டா. எங்க எந்த சாய்வுல வெக்கோணும்னு யாரும் எனக்கு சொல்லிக்குடுக்க வேண்டியதில்லை, உங்க தோட்டத்துல மடை திருப்புன கையி.

வெயில் பத்தி சொல்லாம முடியாது. ஜூன்ல 40 டிகிரி தாண்டறது சாதாரணம். இந்த ஜூன்ல கிங் கேன்யன் பாதையில மேல இருந்து எறங்கிட்டு இருக்கறப்ப காலையில பத்து மணி இருக்கும், ஒரு சின்ன ஜோடி ஆளுக்கு அரை லிட்டரு பாட்டிலோட வாசன் பீக்குக்கு ஏறிட்டு இருக்குதுங்க, அது 4,687 அடி, அந்த மலையிலயே ஒசந்த எடம். புள்ளைக்கு மொகம் செவந்து போய் வேர்வையே இல்லை. வேர்வை நின்னா என்ன அர்த்தம்னு உனக்கு தெரியும். நெழல்ல உக்காரவெச்சு என் தண்ணிய கழுத்துல, அக்குள்ல ஊத்தி, ரேஞ்சருக்கு போன் பண்ணி, மெதுவா கூட்டிட்டு எறங்கி வந்தேன். அந்தப் பையன் கீழ வந்ததும் அழுதுட்டான். அதுக்கப்பறம் நான் பாதை மொகப்புல நின்னேன்னா ஒவ்வொருத்தரையும் தண்ணி எவ்வளவுன்னு கேக்காம உடறதில்லை, மணிக்கு ஒரு லிட்டரு, அதுல பாதி தீர்ந்தா திரும்பிரோணும். பையில ஒரு சீப்பும் வெச்சிருப்பேன். சோயான்னு ஒரு கள்ளி இருக்குது, லேசா பட்டா போதும் துண்டு துண்டா கழண்டு வந்து தோல்ல ஏறிக்கும், கைல புடுங்க போனா கையிலயும் ஏறிக்கும், சீப்ப உட்டு நெம்புனா வந்துரும்.

2020 ஜூன்ல இடி விழுந்து வடக்கால கேட்டலினா மலை புடிச்சுருச்சு. ஏழு வாரம் எரிஞ்சுது, கிட்டத்தட்ட 1,20,000 ஏக்கரு. ராத்திரி ஊட்டு மாடியில இருந்து பாத்தா மலை மேல செவப்பு கோடு, கார்த்திகைக்கு வெளக்கு வெச்ச மாதிரி தெரியுது, ஆனா அது என்னன்னு தெரிஞ்சு பாக்கறப்ப வயிறு கலங்குது. மேல பைன் காட்டுக்கு தீ பழக்கம், அது மீண்டுக்கும். கீழ அடிவாரத்துக்கு வந்த தீயிலதான் சவாரோ மாட்டுச்சு. தீ பட்ட சவாரோ ஒடனே சாகாதுடா, அதுதான் கொடுமை. அடி கருகி நிக்கும், மேல பச்சையா இருக்கும், பொழைச்சுருச்சுன்னு நெனைப்போம், ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஒரு நாளு சாஞ்சுரும்.

இன்னொண்ணு கேளு. ராமநாதபுரத்துலயும் நம்ம குளத்துலயும் சீமைக்கருவேலத்த பாத்து எத்தனை திட்டியிருப்போம், இப்ப உன் கொறங்காட்டு ஓரத்துலயும் மொளைக்குதுன்னு எழுதியிருந்த. இங்க அதோட பங்காளிதான் அந்த மெஸ்கீட். இந்த மண்ணோட சொந்த மரம். இங்கத்த பழங்குடியான ஒடம் மக்கள் அதோட காய இடிச்சு மாவாக்கி தலைமுறை தலைமுறையா சாப்ட்டிருக்காங்க, பாறையில இடிச்ச குழி இன்னும் இருக்குது. அந்த மாவுல நானே ரொட்டி சுட்டு தின்னேன், நாட்டுச்சக்கரை போட்ட மாதிரி ஒரு இனிப்பு. டூசான் பக்கத்துல ஒரு சொரங்கம் வெட்டறப்ப இதோட வேரு 160 அடிக்கும் கீழ கெடந்துச்சாம். சவாரோ குஞ்சுக்கு நெழல் குடுக்கறதும் இதுதான். ஜூன்ல சவாரோ பழம் பழுக்கறப்ப, செத்த சவாரோ எலும்புலயே நீளமா தொரட்டி கட்டி ஒடம் பொம்பளைங்க பழம் பறிப்பாங்க, அதுதான் அவங்களுக்கு வருஷப்பொறப்பு, அதுக்கு பின்னாலதான் மழை வரும்.

இங்க எங்குழுவுல மாடு வளத்த குடும்பத்துல வந்த பெரியவரு ஒருத்தரு இருக்காரு, எழுவது தாண்டிட்டாரு. எல்லைக்கு அந்தப்பக்கம் மெக்சிகோவுல இன்னமும் மாட்டுக்குன்னு இந்தப் புல்ல போடறாங்க. அவரு சொல்லுவாரு, எங்கப்பன் இது மொளைச்சப்ப சந்தோஷப்பட்டாரு, அவரு தப்பு பண்ணல, அன்னிக்கு மாடு செத்துட்டு இருந்துச்சுன்னு. நான் உன் போட்டோவ அவருக்கு காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, இது அதோட சொந்த ஊட்ல எவ்வளவு அழகா இருக்குதுன்னாரு. மாட்டோட கொம்பையும் கேட்டாரு, காங்கயம்னு சொல்லி எழுதிக்குடுத்தேன்.

அதனால உங்கிட்ட ஒண்ணு கேக்கறேன். கொறங்காட்ட கம்பெனிக்காரன் கேக்கறான், பசங்க குடுத்தரலாம்ங்கறாங்கன்னு கடைசியில ஒரு வரி எழுதி உட்டுட்ட. உங்கூட்டு கஷ்டம் எனக்கு தெரியும், மூத்தவனோட கடனும் தெரியும். ஆனாலும் குடுக்காதடா. அந்த கிளுவை வேலியும் வேலாமரமும் புல்லும் மாடும் ஒண்ணோட ஒண்ணு சேந்து எத்தனை தலைமுறையா நிக்குது. இங்க நாங்க ஒரு காட்ட முன்ன மாதிரி நிறுத்தறதுக்கு என்ன பாடுபடறோம்னு கண்ணால பாக்கறவன் சொல்றேன். எம்பங்குக்கு என்ன முடியுமோ செய்யறேன், பேசிக்கலாம், நான் வர்ற வரைக்கும் கையெழுத்து போட்டுராத.

சித்திரைக்கு டிக்கெட் போட்டாச்சு. கண்ணபுரம் சந்தைக்கு ரெண்டு பேரும் போகோணும், நடந்தே போலாம். மலைக்கு போடற ஷூவ இங்கயே உட்டுட்டு வர்றேன். உங்கூட்ல ஒரு ஜோடி செருப்பு எடுத்து வை, ஒம்பது நம்பரு. காட்டுக்குள்ள அதோட நடக்கறேன், திரும்பறப்ப உங்கூட்டு திண்ணையிலயே கழட்டி வெச்சுட்டு வந்தர்றேன். ஒரு வெதை கூட இங்க ஒட்டிட்டு வரக்கூடாது.

அம்மாவ கேட்டதா சொல்லு. மயிலை ஈன கன்னு காளையா கெடேரியான்னு எழுதவே இல்லையே?

உன்,
சுப்பு